வத்தல்மலையில் ஒரு ஊதாப்பூ: சூரியகாந்திக் குடும்பத்துச் செடியை இனங்கண்டு பெயரிடுவது எப்படி?

மலை ஏறுவதற்கு முன்னால் வீட்டுக்குப் பின்னால் போய் ஒரு வெட்டுக்காயப் பூண்டைப் பிடுங்கி வாருங்கள். சிலர் இதை மூக்குத்திப்பூ என்பார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இது இல்லாத வரப்பு கிடையாது. சாமந்தியில் பழகலாமே என்று கேட்பீர்கள். பூ மார்க்கெட்டுக்கு வரும் சாமந்தி ரகங்களில் ஓரத்துப் பூக்களே அடுக்கடுக்காக நிறைந்துவிடும். நடுவில் பார்க்க வேண்டியது தெரியாது. பழகுவதற்கு இந்தக் களைதான் சரி.

ஒரு பிளேடு, பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ், வெள்ளைத் தாள். பூவை நடுவே மேலிருந்து கீழாக வெட்டுங்கள். ‘ஒரு பூ’ என்று நினைத்திருந்தது ஒரு கூட்டம் என்பது தெரியும். நுனியில் பல் வெட்டிய இதழ்கள்போல் ஓரத்தில் நிற்பவை கதிர்ப்பூக்கள். நடுவே நெருக்கமாக நிற்கும் மஞ்சள் குழாய்கள் தட்டுப்பூக்கள். ஒவ்வொன்றும் தனித்தனிப் பூ. எல்லாம் உட்கார்ந்திருக்கும் மேடை பூத்தளம். கூட்டத்தைக் கீழிருந்து கிண்ணம்போல் தாங்கும் பச்சை உறுப்புகள் பூவடிச் செதில்கள். ஒரு தட்டுப்பூவை ஊசியால் பிரித்தெடுங்கள். அடியில் சூற்பை இருக்கும். அதன் தலையில் இறகு மாதிரி ஒரு குஞ்சம். பாடப்புத்தகம் இதைப் பாப்பஸ் என்கிறது, நான் தூவி என்கிறேன். காய் முற்றியபின் காற்றில் பறக்க வைப்பது இதுதான்.

குழாயைக் கிழித்தால் ஐந்து மகரந்தப்பைகளும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு சின்னக் குழலாக இருக்கும். சூலகத்தண்டு அந்தக் குழலுக்குள்ளிருந்து, சைக்கிள் பம்பின் தண்டுபோல, மகரந்தத்தைத் தள்ளிக்கொண்டே மேலே வரும். தலைப்பூக்கூட்டம், ஒட்டிய மகரந்தப்பைகள், இதழுக்குக் கீழே சூற்பை என்ற இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் சூரியகாந்திக் குடும்பம்தான். அஸ்டிரேசி என்றும் கம்போசிட்டே என்றும் இதற்கு இரண்டு பெயர், இரண்டுமே செல்லும். உலகம் முழுக்க இருபத்தைந்தாயிரத்துக்கு மேற்பட்ட சிற்றினங்கள் (ஸ்பீஷிஸ்) கொண்ட குடும்பம் இது. அதனால் குடும்பத்தைக் கண்டுபிடித்ததில் பெருமைப்பட ஒன்றுமில்லை. வேலை இனிமேல்தான்.

எப்போது, யாருடன், எதற்கு அனுமதி

வடகிழக்குப் பருவமழை பிடித்த பிறகு, ஐப்பசியிலிருந்து தை வரை போங்கள். வத்தல்மலையும் அரூர் பக்கத்துச் சித்தேரியும் புதியவர்களுக்கு ஏற்றவை. சாலை உண்டு, ஊர் உண்டு, விவரம் தெரிந்த மலையாளிப் பழங்குடி மக்கள் உண்டு. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கத்து மேலகிரி மலைகள் யானைக் காடு. அங்கே 2014இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமும் 2022இல் காவிரி தெற்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. சரணாலயத்திலும் காப்புக்காட்டிலும் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஓர் இலையைக்கூடப் பறிக்கக் கூடாது. பாதையோரம், பட்டா நிலத்து வரப்பு என்றால் உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். புதியவர்கள் இரண்டு மூன்று வருடம் வரப்பிலேயே பழகலாம், தப்பில்லை.

பார்த்தீனியத்தை வெறுங்கையால் தொடாதீர்கள். அதுவும் இதே குடும்பம்தான். சிலருக்குத் தோலில் பொல்லாத அரிப்பைக் கிளப்பிவிடும்.

செடியை எடுப்பது

பூ மட்டும் கிள்ளி வந்தால் பயனில்லை. சின்னச் செடி என்றால் வேரோடு. பெரிய செடி என்றால் அடி இலை, நடு இலை, மொட்டு, பூ, முற்றிய காய் எல்லாம் வருகிற மாதிரி கிளைகள். இந்தக் குடும்பத்தில் முற்றிய காய் இல்லாத மாதிரி பாதி மாதிரிதான், ஏனென்றால் பேரினத்தை, அதாவது நெருங்கிய சிற்றினங்கள் சேர்ந்த கூட்டத்தை, பல இடங்களில் காயும் தூவியும்தான் தீர்மானிக்கின்றன. ஓரிடத்தில் நாலைந்து செடிதான் இருக்கிறது என்றால் எடுக்கவே வேண்டாம். போட்டோ எடுத்துவிட்டு வாருங்கள்.

நாளிதழ் மடிப்புக்குள் விரித்து வைத்து, அட்டைகளுக்கு நடுவே பெல்ட்டால் இறுக்கிக் கட்டுங்கள். இலைகளில் ஒன்றிரண்டைத் திருப்பி வைத்தால்தான் அடிப்பக்கத்து முடி பின்னால் தெரியும். முதல் நாலு நாள் தினமும் தாள் மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் பூசணம் பிடிக்கும், செடியும் கறுத்துவிடும். காய்ந்ததும் ஏறத்தாழ 42 சென்டிமீட்டர் நீளம், 28 சென்டிமீட்டர் அகலமுள்ள கெட்டித் தாளில் தைத்தோ ஒட்டியோ வையுங்கள்.

குறிப்பை அங்கேயே, அப்போதே எழுத வேண்டும். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று நான் விட்டவை எல்லாம் இன்று வெறும் வைக்கோல். தேதி, ஊர், ஜிபிஎஸ் புள்ளி, உயரம், மண், நிழலா வெயிலா, செடியின் உயரம், பூவின் நிறம், இலையைக் கசக்கினால் வரும் வாசனை, கிள்ளினால் பால் வடிகிறதா, அங்குள்ளவர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள். காய்ந்த செடியில் நிறமும் வாசனையும் தங்காது. கடைசியாக உங்கள் பெயரும் ஒரு வரிசை எண்ணும். அந்த எண் வாழ்நாள் முழுக்கத் தொடர வேண்டும். வருடா வருடம் ஒன்றிலிருந்து தொடங்கினால் பின்னால் குழம்பிப் போவீர்கள்.

ஊர்ப்பெயர் சொல்வதும் சொல்லாததும்

மலையில் ஒரு பாட்டியிடம் செடியைக் காட்டினால், ஒரு பெயரும் அதற்கு முன்னால் ஓர் அடையும் சேர்த்துச் சொல்வார். காட்டுச் சீரகம், பேயெள்ளு, மஞ்சள் கரிசலாங்கண்ணி. லத்தீன் பெயரும் இதே வேலையைத்தான் செய்கிறது. நாம் அடையை முன்னால் வைக்கிறோம், அது பின்னால் வைக்கிறது. ஆனால் இங்கேதான் புதியவர்கள் வழுக்கி விழுவார்கள். மஞ்சள் கரிசலாங்கண்ணி என்றதும், வெள்ளைக் கரிசலாங்கண்ணியில் மஞ்சள் பூ பூக்கும் ஒரு வகை என்று நினைக்கத் தோன்றும். கிடையாது. வெள்ளை எக்லிப்டா பேரினம். மஞ்சள் ஸ்பாக்னெட்டிக்கோலா பேரினம். பேயெள்ளுக்கு எள்ளோடு உறவே இல்லை. விதையைப் பார்த்து வைத்த பெயர் அது.

பேயெள்ளை எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. எத்தியோப்பிய மேட்டுநிலத்திலிருந்து வந்த இந்தச் சூரியகாந்திக் குடும்பத்து எண்ணெய்வித்து நம் மாவட்டங்களின் மானாவாரிக் காடுகளில் மஞ்சளாகப் பூக்கும். கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பையூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ‘பையூர் 1’ என்ற ரகம் வெளிவந்திருக்கிறது. அது ரகம், தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டது. அதன் பெயருக்குப் பயிர்களுக்கான தனி விதித்தொகுப்பு உண்டு. ஒற்றை மேற்கோள் குறிக்குள் எழுதுவார்கள், லத்தீன் தேவையில்லை. ஒரு விவசாயி தன் நிலத்தில் காத்துவந்த ரகத்தை, தனித்தன்மை, சீர்மை, நிலைத்தன்மை ஆகியவற்றைக் காட்டி, 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின்கீழ் பதிவும் செய்யலாம். மலையில் தானாக வளரும் செடியில் தாவரவியலாளர் சொல்லும் ‘வகை’ வேறு. சிற்றினத்துக்கும் கீழே, துணைச்சிற்றினத்துக்கும் கீழே உள்ள ஒரு படி அது. இந்தக் கட்டுரையில் வகை என்றால் அதுதான்.

எந்தப் பிரிவு, எந்தப் பேரினம்

குடும்பம் பெரிது என்பதால் முதலில் பிரிவுக்கு வர வேண்டும். கிள்ளினால் பால் வடிந்து, எல்லாப் பூவும் நாக்கு வடிவில் நுனியில் ஐந்து பற்களோடு இருந்தால் லெட்யூஸ் சார்ந்த பிரிவு. பால் இல்லை, எல்லாமே குழாய்ப்பூ, ஊதா நிறம், இலை மாறிமாறி இருந்தால் வெர்னோனியா பிரிவைப் பாருங்கள். எல்லாமே குழாய்ப்பூதான், ஆனால் இலை எதிரெதிராக இருந்தால் பூம்புல் சார்ந்த பிரிவாக இருக்கலாம். பூத்தளத்தில் பூவுக்குப் பூ ஒரு செதில் நின்றால் சூரியகாந்தியின் நெருங்கிய சொந்தம். பூவடிச் செதில்கள் ஒரே வரிசையில் சமமாக நின்றால் செனிசியோ பக்கம். இவை ஊகத்துக்கான வழிதான்; விலக்குகள் ஏராளம்.

அப்புறம் திறவுகோல், அதாவது கேள்வி கேட்டே செடியின் பெயருக்குக் கூட்டிப்போகும் பட்டியல். சென்னை மாகாணத் தாவரங்களைப் பற்றி கேம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த நூல் 1915க்கும் 1936க்கும் இடையே வெளிவந்தது. இன்றைக்கும் நம் பக்கத்துச் செடிக்கு முதலில் புரட்டுவது அதைத்தான், இணையத்திலும் கிடைக்கிறது. ‘இது உண்டா, இல்லையா’ என்று இரண்டிரண்டாகக் கேட்டுக்கொண்டே போகும். அதில் உள்ள பெயர்கள் பல பழசாகிவிட்டன. எனவே கிடைத்த பெயரை கியூ தாவரவியல் பூங்காவின் இணையப் பட்டியலில் போட்டு இன்றைய பெயரைப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். மலைச்சரிவில் ‘இதுவரை பார்த்ததே இல்லை’ என்று தோன்றும் செடி, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து பரவிய களையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வெட்டுக்காயப் பூண்டும் பார்த்தீனியமும் பூம்புல்லும் அப்படி வந்தவைதான். தோட்டத்திலிருந்து தப்பித்த காஸ்மாஸைப் புதுச்செடி என்று தூக்கிக்கொண்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

இது வேறு வகையா, வேறு மண்ணா?

நான் வசமாக மாட்டிக்கொண்ட இடம் இது. வத்தல்மலைப் பாதையோரப் பாறை இடுக்கில், வெர்னோனியா பிரிவைச் சேர்ந்த ஒரு சீதேவி செங்கழுநீர் பார்த்தேன். சமவெளியில் முழங்கால் உயரம் வரும் செடி; இங்கே ஒரு சாண்கூட இல்லை. இலை தடித்து, சாம்பல் பூசியதுபோல முடி. பூ அதே ஊதா. புது வகைதான் என்று முடிவே கட்டிவிட்டேன். மனதுக்குள் பெயர்கூட வைத்தாயிற்று.

கோவையில் ஒரு மூத்த தாவரவியலாளர் தாளைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார். “விதை கொண்டுவந்தீங்களா?”

அவர் கேட்டதன் பொருளைக் கலிஃபோர்னியாவில் ‘யாரோ’ (yarrow) என்ற செடியை வைத்துச் செய்த சோதனை விளக்கும். கிளாசன், கெக், ஹைசி என்ற மூவர் சியரா நெவாடா மலைத்தொடரின் வெவ்வேறு உயரங்களிலிருந்து அந்தச் செடிகளைச் சேகரித்தார்கள். ‘யாரோ’வும் சூரியகாந்திக் குடும்பம்தான். கடல்மட்டத்தை ஒட்டிய ஸ்டான்ஃபோர்டு, ஏறத்தாழ 1,400 மீட்டர் உயர மேத்தர், 3,000 மீட்டரை ஒட்டிய டிம்பர்லைன் ஆகிய மூன்று தோட்டங்களிலும் ஒன்றாக வளர்த்தார்கள். உயரத்திலிருந்து வந்த செடி கீழே வளமான மண்ணில் நட்டும் குட்டையாகவே நின்றது. அப்படியானால் குட்டைத்தன்மை பிறப்பிலேயே உள்ளது. இடம் மாற்றியதும் மாறிவிட்டால் அது இடத்தின் வேலை. 1948இல் வெளியான அவர்களின் ஆய்வு இன்றும் பாடம்.

நம்மால் மூன்று தோட்டம் போட முடியாது. மாடியில் தொட்டி வைக்க முடியும். மலைச்செடி விதையும் சமவெளிச் செடி விதையும் தலா பத்துத் தொட்டி. ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே வெயில். தொட்டிகளைக் கலந்து வையுங்கள், இல்லையென்றால் சுவரோரத்துச் செடிகள் மட்டும் வேறு மாதிரி வளரும். ஒரு தலைமுறையோடு நிறுத்தாமல் அதன் விதையையும் போட்டுப் பாருங்கள். தாய்ச்செடி வறட்சியில் இருந்ததன் பாதிப்பு முதல் தலைமுறையில் ஒட்டிக்கொண்டு வரலாம்.

என் செடி இரண்டாவது மாதமே முழங்காலைத் தொட்டுவிட்டது. இலையின் சாம்பலும் குறைந்தது. பாறையும் வெயிலும் காற்றும் சேர்ந்து எனக்குக் காட்டிய வித்தை அது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். லேபிளில் சீதேவி செங்கழுநீர் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது.

தொட்டியிலும் வித்தியாசம் நிலைத்தால் அளக்கத் தொடங்குங்கள். குறைந்தது இரண்டு மூன்று இடங்கள், இடத்துக்கு இருபது முப்பது செடிகள். இலை நீளம் அகலத்தை எல்லாரும் அளப்பார்கள்; இந்தக் குடும்பத்தில் அது அதிகம் பேசாது. பூவடிச் செதில்கள் எத்தனை வரிசை, நுனி கூரா மழுங்கலா, ஒரு தலையில் எத்தனை பூ, காயில் வரியும் முடியும் உண்டா, தூவி ஒரு வரிசையா இரண்டா, தூவி இழை வழவழப்பா சொரசொரப்பா, முடி எளியதா, டி வடிவமா, நுனியில் சுரப்பி உண்டா. இவற்றைக் குறியுங்கள். காய்ந்த பூவைச் சில நிமிடம் வெந்நீரில் போட்டால் விரிந்துகொடுக்கும்.

ஊதாக் கூட்டத்தில் ஒரே ஒரு வெள்ளைப்பூச் செடி நிற்பதைப் பார்த்துத் துள்ளாதீர்கள். அதற்குப் பெயர் வைக்க வேண்டிய கட்டாயமே இல்லை; வைத்தாலும் ‘உருவம்’ என்ற கடைசிப் படிதான். பல குணங்கள் சேர்ந்து மாறி, தனிப் பரப்பில் வாழ்ந்தால் துணைச்சிற்றினம். ஒன்றிரண்டு குணம் நிலையாக மாறி, மற்றவற்றோடு அக்கம்பக்கத்திலேயே கலந்து வாழ்ந்தால் வகை என்பது பலர் பின்பற்றும் வழக்கம். விதி ஒன்றும் எழுதிவைக்கவில்லை. நடுவே இரண்டுக்கும் பொதுவான செடிகள் தொடர்ச்சியாகக் கிடைத்தால், என்னைக் கேட்டால், பேசாமல் விட்டுவிடுவேன்.

ஏற்கெனவே யாராவது பெயர் வைத்துவிட்டார்களா?

கோவையில் இந்தியத் தாவரவியல் கணக்கெடுப்பு நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில் மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது; ஹெர்பேரியம் என்றால் உலர்த்திய செடித் தாள்களின் காப்பகம். முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். திருச்சி புனித ஜோசப் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியமும் நம் பகுதிச் செடிகளுக்கு முக்கியம். அங்கே ‘தருமபுரி’ என்று மட்டும் தேடினால் பாதி கிடைக்காது. 1965 வரை நாம் சேலம் மாவட்டம். கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல். பழைய லேபிளில் சேலம் என்று இருப்பது நம் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் மலையாக இருக்கலாம்.

பெயர் பிறக்கும் விதம்

பாசி, பூஞ்சை, தாவரங்களுக்கான சர்வதேசப் பெயரிடல் விதித்தொகுப்பு ஒன்று உண்டு. தாவரவியல் மாநாடு கூடும்போது திருத்துவார்கள்; கடைசியாக 2024இல் மாட்ரிட்டில் கூடினார்கள். கணக்கு தொடங்கும் நாள் 1753 மே 1, லின்னேயஸின் சிற்றினப் பட்டியல் வெளிவந்ததாக விதி ஏற்றுக்கொண்ட தேதி.

சீதேவி செங்கழுநீரின் கதையைப் பாருங்கள். 1753இல் லின்னேயஸ் கொனைசா சினெரியா என்றார். சினெரியா என்றால் சாம்பல் நிறம். லெஸ்ஸிங் அதை வெர்னோனியா பேரினத்துக்கு மாற்றினார். வெர்னோனியா சினெரியா ஆயிற்று. 1990இல் ராபின்சன் சயாந்தில்லியம் பேரினத்துக்குக் கொண்டுபோனார். இப்போது சயாந்தில்லியம் சினெரியம். வால் மாறியதைக் கவனித்தீர்களா? கொனைசாவும் வெர்னோனியாவும் லத்தீனில் பெண்பால், சயாந்தில்லியம் அலிப்பால். அடைமொழி பேரினத்தின் பாலோடு ஒத்துப்போக வேண்டும். வத்தல்மலையை வைத்துப் பெயரிட்டால் வெர்னோனியாவில் ‘வத்தல்மலையென்சிஸ்’, சயாந்தில்லியத்தில் ‘வத்தல்மலையென்ஸே’. முழுப் பெயரில் லின்னேயஸ் அடைப்புக்குள்ளும் ராபின்சன் வெளியேயும் நிற்பார்கள். முதலில் வைத்தவர் உள்ளே, இடம் மாற்றியவர் வெளியே.

புதுப் பெயர் செல்லுபடியாக வேண்டுமென்றால் இவை கட்டாயம். எந்தப் படி என்று, அதாவது ‘வகை’ என்று, தெளிவாகச் சொல்ல வேண்டும். லத்தீனிலோ ஆங்கிலத்திலோ விளக்கம் வேண்டும். 2012 வரை லத்தீன்தான் கட்டாயமாக இருந்தது, தமிழ் விளக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கணக்கில் வராது. ஒரே ஒரு தாளை ஹோலோடைப் என்று குறித்து, அது எந்த ஹெர்பேரியத்தில் இருக்கிறது என்று எழுத வேண்டும். அந்தப் பெயர் இனி என்றைக்கும் அந்தத் தாளோடு கட்டப்பட்டது. நாளை உங்கள் விளக்கத்தில் தவறு கண்டுபிடித்தாலும், பெயர் எதைக் குறிக்கிறது என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி. அதனால் இருப்பதிலேயே நல்ல தாளை, பூவும் காயும் உள்ளதை, அதற்குக் கொடுங்கள். ஜோடித் தாள்களை இன்னும் இரண்டு ஹெர்பேரியங்களுக்கு அனுப்பிவிடுங்கள். ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைத்து, தீயோ பூச்சியோ வந்தால் போச்சு.

2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டமும் இதைக் கேட்கிறது. இந்தியாவில் புதிதாகக் கண்டறிந்த எதையும் அரசு குறித்த காப்பகத்துக்குத் தெரிவித்து, மாதிரியை அங்கே ஒப்படைக்க வேண்டும்.

வெளியிடும் இடமும் முக்கியம். 1953க்குப் பிறகு நாளிதழில் வந்த பெயர் செல்லாது. மேலே நான் எழுதிய வத்தல்மலைப் பெயர்களும் அப்படித்தான், உதாரணத்தோடு சரி. ‘ரீடியா’, ‘நெலும்போ’ போன்ற தாவரவியல் இதழ்களுக்கு அனுப்புங்கள். இணையத்தில் மட்டும் வரும் இதழ் என்றால் ஐஎஸ்எஸ்என் என்ற சர்வதேச இதழ் எண்ணோடு பிடிஎஃப் வடிவில் இருந்தால்தான் ஏற்பு. உங்கள் பெயரையே செடிக்கு வைத்துக்கொள்ள விதி தடுக்கவில்லை. செய்தால் சக தாவரவியலாளர்கள் சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு வேடிக்கை. நீங்கள் ஒரு வகையை வெளியிட்ட நிமிடமே, மிச்சமுள்ள பழைய செடிக்குத் தானாகவே ஒரு வகைப்பெயர் வந்துவிடும்: சயாந்தில்லியம் சினெரியம், வகை சினெரியம். அதற்கு ஆசிரியர் பெயர் கிடையாது. அதுபோல, வகையாக வைத்த பெயருக்கு அந்தப் படியில்தான் முன்னுரிமை. பின்னால் ஒருவர் அதைச் சிற்றினமாக உயர்த்தினால் உங்கள் அடைமொழியையே எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. நாகரிகமுள்ளவர்கள் எடுப்பார்கள்.

முடிவு தெரியாத செடிக்கு லேபிளில் பேரினத்தை எழுதி, ‘ஒப்பிடுக’ என்று பொருள்படும் ‘சிஎஃப்.’ சேர்த்து, நெருங்கிய சிற்றினத்தின் பெயரைப் போட்டு வையுங்கள். சித்தேரியிலிருந்து கொண்டுவந்த, அடி இலை மட்டும் அகலமான ஒரு ஊதாப்பூச் செடி என்னிடம் அப்படித்தான் இருக்கிறது. அதன் இரண்டாம் தலைமுறை விதையைப் போன வாரம்தான் தொட்டியில் போட்டேன்.